பன்னிரண்டு ஓட்டை மூடி

அத்தியாயம் ஆறு

பெரியபண்ணை பஞ்சநாதன் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை கண்டுபிடித்துத் தரச் சொன்னார். அந்த விடை ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. அப்புறம் எதற்குத் தஞ்சாவூரிலிருந்து ஆள் கூப்பிட்டு அனுப்பினார் என்பதுதான் பக்கிரிக்கு விளங்கவில்லை.

பிரகதாம்பாளுக்கு விளங்கியிருக்கும், ஆனால் அவள் லேசில் சொல்கிற ஆள் இல்லை. தெற்கு வீதியில் ‘பிரகதாம்பாள் விசாரணை நிலையம்’ என்று பலகை மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, மலேயாவில் இன்னொரு குடித்தனம் இருக்கிறதா, இருக்கிறதாகச் சொன்ன நிலம் பூமியில் இருக்கிறதா, இத்தியாதி. இதுவரை முப்பத்தேழு கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறாள். பழைய ஃபியட்டை ஓட்டுவது, டைப் அடிப்பது, வாயை மூடு என்று அவள் சொல்லும்வரை பேசிக்கொண்டிருப்பது, இவை பக்கிரியின் வேலைகள்.

எழுபத்திமூன்றாம் வருஷத்து ஆவணி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, சுற்றிலும் நடவு நடந்துகொண்டிருக்கும் வயல்களுக்கு நடுவில் பஞ்சநாதனின் இரும்பாலை புகைந்துகொண்டிருந்தது. அரசாங்கம் நில உச்சவரம்பைப் பதினைந்து ஏக்கருக்கு இறக்கியபோது அவர் பாதி நிலத்தை உறவுக்காரர்கள் பேரில் எழுதிவைத்தார். மீதியை விற்று ஆலை போட்டார். இரும்புக்கு யாரும் உச்சவரம்பு வைக்கவில்லை. பண்ணையில் ஏர் ஓட்டியவர்களே ஆலைக்கும் ஆள். நேற்றுவரை சேற்றில் நின்ற கால்கள் இன்று நெருப்புக்கு எதிரே நின்றன.

“ஞாயித்துக்கெழமை காலையில ஏழரை மணி,” என்றார் பஞ்சநாதன். அகலமான மனிதர், அகலமான நாற்காலி. “கலியபெருமாள்னு ஒருத்தன். பல்சக்கரத்துப் பக்கமா போயிருக்கான். தோள்ல கெடந்த துண்டு சக்கரத்துல மாட்டி, கை உள்ள போயிருச்சு. முழங்கை வரைக்கும் இல்ல. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கெடக்கான்.”

“சக்கரத்துக்கு மூடி இல்லீங்களா?” என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

“மூடி இருந்துச்சும்மா. சனிக்கெழமை வரைக்கும் இருந்துச்சு. நீலமேகம்னு ஒருத்தன், சங்கத்து ஆளு. மூடி இல்ல, மூடி இல்லன்னு போன வருஷம் மேலிடத்துக்கு மனு போட்டான். அதிகாரிங்க ஆய்வுக்கு வந்தாங்க, பார்த்தாங்க, மூடி இருந்துச்சு. அவனுக்கு அசிங்கமாப் போச்சு. அந்த ஆத்திரத்துல கழட்டிட்டான். அவன் வீட்டுக் கொல்லையில வைக்கோல் போருக்குள்ளேருந்து போலீஸ் எடுத்துச்சு. ஆமா, நான்தான் கழட்டினேன்னு அவனே ஒத்துக்கிட்டான்.”

“அப்புறம் நாங்க எதுக்குங்க?” என்றான் பக்கிரி.

“போலீஸ்ல ஒத்துக்கிட்டது கோர்ட்டுல நிக்காதுன்னு வக்கீல் சொல்றாரு. வெளியாள் ஒருத்தர் விசாரிச்சு எழுதிக் குடுத்தா நல்லதாம். எம் பொண்ணுக்கு வந்த வரனை அம்மாதான் விசாரிச்சாங்க.”

“அந்தக் கல்யாணம் நின்னுபோச்சுங்களே,” என்றான் பக்கிரி.

“அதனாலதான் நம்பிக்கை,” என்றார் பஞ்சநாதன். “சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவனை மன்னார்குடி மாஜிஸ்திரேட்டுக்கிட்ட கொண்டுபோறாங்க. அதுக்கு முன்னாடி வேணும்.”

ஆலைக்குள் போனார்கள். ஏலத்தில் எடுத்த பழைய தண்டவாளத் துண்டுகள் உலையில் சிவந்து, உருளைகளுக்குள் புகுந்து, கம்பியாக வெளியே வந்தன. எதிரே நிற்பவன் கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் திருப்பிவிட வேண்டும். தவறவிட்டால் கம்பி தன் இஷ்டத்துக்குப் போகும். ஆட்கள் கணுக்காலில் ஈரச் சாக்கைச் சுற்றி, டயர் செருப்பு போட்டிருந்தார்கள். கையுறை, கண்ணாடி என்ற பேச்சே இல்லை. சுவரில் ‘பாதுகாப்பே முதல்’ என்று எழுதியிருந்த இடத்தில் புகை படிந்து ‘முதல்’ மட்டும் தெரிந்தது.

நெஞ்சு உயரத்தில் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்விச் சுற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆள் போக ஒரு முழ வழி. அங்கே கலியபெருமாளுக்குப் பதிலாகப் புதிதாக ஒருவன் நின்றான். அவன் தோளிலும் துண்டு. பக்கிரி தன் சட்டை நுனியை வேட்டிக்குள் செருகிக்கொண்டான்.

“மூடிக்கு எத்தனை போல்ட்டு?” என்று மேஸ்திரியைக் கேட்டாள் பிரகதாம்பாள்.

“நாலுங்க.”

அவள் குனிந்து, சட்டத்தில் இருந்த நான்கு ஓட்டைகளையும் பார்த்தாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி ஒரு ஓட்டையில் விட்டாள். உள்ளே கிரீஸும் இரும்புத் தூளும் இறுகிக் கல்லாகியிருந்தன. ஊசி அரை அங்குலம்கூட இறங்கவில்லை. ஊசியைத் துடைத்து மறுபடி கொண்டையில் செருகிக்கொண்டு, “போலாம் பக்கிரி,” என்றாள்.

காரில் ஏறியதும் அவன் கேட்டான். “என்னக்கா, மூணு நாளைக்கு முன்னாடி போல்ட்டு இருந்த ஓட்டை, மூணு மாசத்து அழுக்கு?”

“நீ ஏன் கேக்குறே? பார்த்தியே.”

*

காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் மருதையன் மரியாதையாக நாற்காலி போடச் சொன்னார். அவர் தங்கைக்கு வந்த மாப்பிள்ளையையும் பிரகதாம்பாள்தான் விசாரித்தாள். அந்தக் கல்யாணம் நடந்தது.

மூடி பெஞ்சின் மேல் கிடந்தது. பாதி வட்டமாக வளைத்த கனத்த தகடு. பக்கிரி அதன் விளிம்பைச் சுற்றி ஓட்டைகளை எண்ணினான். எண்ணி முடித்துவிட்டு இன்னொரு தடவை எண்ணினான்.

“பன்னெண்டுங்க,” என்றான். “நாலு போல்ட்டுக்குப் பன்னெண்டு ஓட்டை. மில்லுல ரொம்ப தாராளம்.”

பிரகதாம்பாள் மூடியைப் புரட்டினாள். உட்புறம் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் கரி அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள். பிறகு வெளிவிளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அழுக்குக்கு அடியில் ஆணியால் குத்திய புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் சேர்ந்து எழுத்தாயின. மீ. உ. 112.

அவள் முகம் மாறவில்லை. அந்த முகம் முப்பத்தேழு சம்பந்திகளின் வசவைக் கேட்டும் மாறாத முகம். “பையனைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று மட்டும் கேட்டாள்.

‘பையனுக்கு’ நாற்பது வயது இருக்கும். நீலமேகம் கம்பிக்குப் பின்னால் எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“ஞாயித்துக்கெழமை காலையில மில்லுல இருந்தீங்களா?”

“இருந்தேங்க.”

“மூடியைக் கழட்டினது நீங்கதானா?”

“ஆமாங்க.”

“கழட்டின ஸ்பேனர் யாருது?”

“என்னுதுங்க.”

“உங்க வைக்கோல் போர்லதான் மூடி இருந்துச்சா?”

“அங்கேருந்துதாங்க எடுத்தாங்க.”

அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை இல்லை. அவன் கெஞ்சவும் இல்லை, மறைக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றான். வெளியே மரத்தடியில் அவன் மனைவி மலர்கொடி ஒரு தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இன்று அவனை ஜெயிலுக்குக் கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று போகிற வருகிற கான்ஸ்டபிளையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

“நல்ல ஆளுக்கா,” என்றான் பக்கிரி, காரைக் கிளப்பியபடி. “தன் கழுத்துக்குத் தானே கயிறு திரிச்சு, நீளம் சரியா இருக்கான்னும் பார்த்துக்குறாரு. எங்கே போறோம்?”

“கடைத்தெருவுக்கு. கல்யாணச் சாமான் வாடகைக் கடை.”

“யாருக்குக் கல்யாணம்?”

“நீ எத்தனை கல்யாணத்துல சாப்பிட்டிருப்பே? அண்டாவைப் பார்த்திருக்கியா? வாடகைக்குப் போற சாமான்ல கரண்டி வரைக்கும் கடைக்காரர் பேரும் நம்பரும் புள்ளி குத்தியிருக்கும். இல்லாட்டி சம்பந்தி வீட்டோட போயிரும்.”

பக்கிரி வண்டியை ரயில்வே கேட்டில் நிறுத்திவிட்டுச் சற்று நேரம் அவளையே பார்த்தான். “அக்கா, இரும்பு மில்லு மூடியை வாடகைக்கா?”

“நம்பர் இருக்கே.”

*

மீரா உசேன் கடையில் அண்டாக்கள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. கடைக்காரர் ஒல்லியாக, வெள்ளைத் தொப்பியோடு, ஜமுக்காளம் ஒன்றை மடித்துக்கொண்டிருந்தார்.

“நூத்திப் பன்னெண்டா?” என்றார். “அது அண்டா இல்லம்மா. காத்து மறைப்பு. திருவாரூர்ப் பக்கம் ஒரு மில்லு நொடிச்சுப்போய்ச் சாமானை ஏலம் விட்டாங்க. பழைய இரும்போட வந்துச்சு, ஓட்டைகூடப் போடாத மூடி. கோட்டையடுப்புக்கு முன்னாடி நிறுத்தினா எந்தக் காத்துலயும் சாம்பார் ஒழுங்காக் கொதிக்கும்.”

“மில்லுக்காரங்களும் வாங்கிட்டுப் போவாங்களோ?”

“மூணு மில்லு. ஆய்வுக்கு ஆள் வர்றப்போ ஒரு நாளைக்கு வேணும்பாங்க. குடுப்பேன். நமக்கு நிக்காஹும் ஒண்ணுதான், கல்யாணமும் ஒண்ணுதான், ஆய்வும் ஒண்ணுதான். ஒவ்வொரு மில்லுலயும் போல்ட்டு வேற வேற எடத்துல இருக்குன்னு அவங்கவங்க நாலு ஓட்டை போட்டுக்கிட்டாங்க. ஓட்டை போட்டா அடுப்புக்குக் கெடுதல் இல்ல, சரின்னு விட்டுட்டேன்.”

“மூணு நாலு பன்னெண்டு,” என்றான் பக்கிரி மெதுவாக.

“ஞாயித்துக்கெழமை காலையில ஏழரை மணிக்கு அது எங்கே இருந்துச்சு, பாய்?” என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

“முகூர்த்த நாளாச்சே. திருத்துறைப்பூண்டியில ஒரு கல்யாணம். நானே சாமானோட போயிருந்தேன். ஆயிரம் இலை. ஏழரை மணிக்கு அது சாம்பார் அடுப்புக்கிட்ட நின்னுச்சு. அஞ்சு சமையக்காரங்க பார்த்திருக்காங்க.” அவர் ஜமுக்காளத்தைக் கீழே வைத்தார். “பதினோரு மணிக்குப் பஞ்சநாதன் ஐயா ஜீப்பு வந்துச்சு. மூடி அவசரமா வேணும்னாங்க. சாம்பாரை எறக்குற வரைக்கும் பொறுங்கன்னேன். பொறுக்கல. சூட்டோட சாக்குல சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க. இன்னும் திரும்பி வரல. ஏம்மா, ஏதாச்சும் உடைஞ்சு போச்சா?”

பிரகதாம்பாள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். துண்டு, சக்கரம், முழங்கை.

மீரா உசேன் ஜமுக்காளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “அந்த மூடி அங்கே இருந்திருந்தா அந்த ஆளு கை போயிருக்காதா?”

“போயிருக்காது.”

“சும்மா பார்வைக்கு வைக்கிற சாமான்னு நெனச்சேம்மா. மணவறைக்கு வாழைமரம் கட்டுற மாதிரி. அல்லா, நான் அதை அடுப்புக்கு மறைப்பா வெச்சிருந்தேன்.”

எழுந்து, ஒவ்வொரு பலகையாக எடுத்து மாட்டிக் கடையை மூடிவிட்டுக் காரின் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். மணி நான்கடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.

காரில் பக்கிரி வாயைத் திறக்கவில்லை. பிரகதாம்பாளுக்கே சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தாள்.

“என்னடா, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?”

“மூடிக்குச் சாட்சி கெடைச்சாச்சு. ஆனா அந்த ஆளு ஏன் ஆமாங்கன்னாரு? அதைத்தான் யோசிச்சேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. வயித்தெரிச்சலா இருக்குக்கா.”

பக்கிரியின் அப்பா முப்பது வருஷம் வேறொரு பண்ணையில் ஏர் ஓட்டியவர். ஐயா கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்ல வேண்டும். கூட ஒரு வார்த்தை சொன்னால் எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடும், அதற்குத் தண்டனை தனி. ஒருநாள் பண்ணையார் ‘மாட்டைக் கட்டினியா?’ என்று கேட்டார். அப்பா ‘கட்டினேங்க’ என்றார். கட்டின இடத்தில் மாடு செத்துக் கிடந்ததை ஐயா கேட்கவில்லை, அப்பாவும் சொல்லவில்லை. இந்தக் கதையைச் சொல்லிப் பக்கிரி எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறான். இன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

“இந்தத் தடவை கேள்வியை நான் கேக்குறேன்க்கா,” என்றான்.

*

காவல் நிலைய வாசலில் வேன் தயாராக நின்றது. உள்ளே பஞ்சநாதன் வந்து உட்கார்ந்திருந்தார். மீரா உசேனைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மீரா உசேன் சொன்னதை மருதையன் முழுவதும் கேட்டார். மூடியைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பெருங்காய வாசனை அடித்திருக்க வேண்டும்.

“சரிங்க பாய், ஆனா இவன் கழட்டினேன்னு சொல்லியிருக்கானே? எழுதி, படிச்சுக் காட்டி, கைரேகை வாங்கியாச்சு.”

“நான் ரெண்டு கேள்வி கேட்டுக்கலாங்களா?” என்றான் பக்கிரி. மருதையன் தலையை ஆட்டினார். பக்கிரி கம்பி அருகே போய் நின்றான்.

“அண்ணே, அந்த மூடியை எத்தனை தடவை கழட்டியிருக்கீங்க?”

“ஆறு தடவைங்க.”

மருதையனின் பேனா நின்றது.

“எத்தனை தடவை மாட்டியிருக்கீங்க?”

“அதுவும் ஆறு தடவைங்க. காலையில மாட்டுவேன், ஆய்வுக்கு வந்தவங்க போனதும் கழட்டுவேன். ஜீப்புல ஏத்திவிடுவேன்.”

“கடைசியாக் கழட்டினது எப்போ?”

“சித்திரையிலங்க.”

“யோவ்,” என்றார் மருதையன். “இதை நேத்து ஏன்யா சொல்லல?”

“கழட்டினியான்னு கேட்டீங்க. எப்பன்னு கேக்கலீங்களே.”

மருதையன் தான் நேற்று எழுதிய வாக்குமூலத்தை எடுத்து, கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, இரண்டு முறை படித்தார். அவர் காது சிவந்துபோனது.

“அண்ணே,” என்றான் பக்கிரி, “மாட்டவும் கழட்டவும் சொன்னது யாரு?”

நீலமேகம் வாயைத் திறந்தான். பஞ்சநாதன் தொண்டையைக் கனைத்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. நாற்பது வருஷப் பழக்கம், ஒரு கனைப்பு போதும்.

“நீலமேகம்,” என்றார் பஞ்சநாதன், ரொம்ப அன்பாக. “யோசிச்சுப் பேசு. பொண்டாட்டி புள்ளையோட நீ குடியிருக்கியே, அந்த மனை யாரு மனை?”

கேள்வி கேட்டாகிவிட்டது. கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

“எம் மனைங்க,” என்றான் நீலமேகம்.

பஞ்சநாதன் புரியாமல் பார்த்தார்.

“போன தையில குடியிருப்பு மனைக்கெல்லாம் பட்டா குடுத்தாங்களேங்க. தாசில்தார் கையெழுத்துப் போட்டிருக்காரு. மலர்கொடி பேரும் அதுல இருக்கு.” இரண்டு நாளில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு இதுதான். பேசிய பிறகு அதற்குத் தண்டனை எதுவும் விழவில்லை என்பதை அவனே கவனித்ததுபோல் இருந்தது. அவன் மருதையன் பக்கம் திரும்பினான். “மாட்டச் சொன்னதும் ஐயாதாங்க. கழட்டச் சொன்னதும் ஐயாதாங்க. நெரந்தரமா ஒண்ணு வாங்கி மாட்டுங்கன்னுதான் மனு போட்டேன்.”

பஞ்சநாதன் பிரகதாம்பாளைப் பார்த்தார். “உங்களை நாந்தானேம்மா கூப்பிட்டேன்?”

“நீங்கதாங்க. ரிப்போர்ட் நாளைக்குத் தபால்ல வந்துரும்.”

மருதையன் வேன் டிரைவரை இறங்கச் சொன்னார். கான்ஸ்டபிள் பூட்டைத் திறந்தார். மலர்கொடி வாசற்படியில் வந்து நின்றாள். அழுதபடியே தூக்குச் சட்டியை நீட்டினாள். நீலமேகம் அதை வாங்கவில்லை.

“மில்லு ஓடுதுங்களா?” என்று கேட்டான். அவன் கேட்ட முதல் கேள்வி.

“ஓடுது,” என்றான் பக்கிரி.

“கலியபெருமாள் எடத்துல யாரு நிக்கிறா?”

பக்கிரிக்குப் பெயர் தெரியவில்லை. பஞ்சநாதனுக்கும் தெரியவில்லை. தோளில் துண்டு போட்ட ஒருவன் என்று மட்டும் பக்கிரி சொன்னான்.

“புது வாக்குமூலம் எழுதணும், உக்காருய்யா,” என்றார் மருதையன்.

“வந்து எழுதுறேங்க,” என்று சொல்லிவிட்டு நீலமேகம் படியிறங்கினான். மருதையன் தடுக்கவில்லை. பக்கிரி ஓடிப்போய்க் காரைக் கிளப்பினான்.

ஆலைக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நீலமேகம் நேராகப் பல்சக்கரத்துப் பக்கம் போனான். அந்தப் புது ஆளின் தோளிலிருந்து துண்டை உருவி அவன் கையிலேயே கொடுத்தான். அப்படியே நடந்து மோட்டார் அறைக்குள் போய், பெரிய சுவிட்சைக் கீழே இழுத்தான். சக்கரங்கள் இரண்டும் சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து நின்றன. பாதி வழியில் இருந்த கம்பி உருளைக்குள்ளேயே கறுக்கத் தொடங்கியது. ஐம்பது பேர் இடுக்கியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

மேஸ்திரி இரைக்க இரைக்க ஓடி வந்தார்.

“யாரு? மில்லை நிறுத்தச் சொன்னது யாரு?”

“நான்தாங்க,” என்றான் நீலமேகம்.